தெருவுக்குள் கேம் மெஷின் கடை வருகிறதா? பெங்களூரில் குடியிருப்போர் செய்ய வேண்டியது, வரிசைப்படி

கோவாவில் ஐந்து நட்சத்திர ஓட்டல்களிலும் கப்பல்களிலும் காசு போட்டு ஆடும் ஸ்லாட் மெஷினுக்கு அந்த மாநிலச் சட்டமே இடம் கொடுக்கிறது. கர்நாடகத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால் இங்கே அந்த மெஷின் சொந்தப் பெயரில் வருவதில்லை. 'வீடியோ கேம்', 'ஸ்கில் கேம்', 'ரெக்ரியேஷன் கிளப்' என்று போர்டு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லைசென்ஸோடு வருகிறது. அந்த ஒரு தாளைக் காட்டியதும் தெருவே வாயடைத்துப் போகிறது.

எங்கள் தெருவில் ஒரு கடையை நிறுத்தினோம். அதன் பிறகு வேறு மூன்று தெருக்காரர்கள் அலைந்தபோது கூடவே இருந்தேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கினார்கள். முதல் வேலையாகக் கூட்டம் கூட்டினார்கள், கத்தினார்கள், எம்எல்ஏ வீட்டுக்குப் போனார்கள். லைசென்ஸ் ஃபைலுக்குள் மட்டும் ஒரு காகிதமும் போகவில்லை. லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி தன் மேஜைமேல் இருக்கும் ஃபைலைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். கீழே சொல்லும் படிகள் எல்லாமே நம் பேச்சை நேரத்தோடு, காரணத்தோடு அந்த ஃபைலுக்குள் கொண்டு சேர்ப்பதற்குத்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, நேரம், பார்த்தது என்ன, பார்த்தவர் யார் என்று அன்றன்றே எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதுவதை யாரும் மதிப்பதில்லை.

கன்னடத்தில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒருவர். இது கட்டாயம். ஏன் என்று 5-ஆம் படியில் சொல்கிறேன்.

கடைசியாக, பெயர் வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் மூன்று பேர். ஐம்பது பேர் ஆதரவு சொல்வார்கள். மனுவில் முதல் பெயராக நிற்க மூன்று பேர்தான் கிடைப்பார்கள். அந்த மூவரில் ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது கன்னடம் பேசுபவராகவும் இருக்கட்டும். 'இது தமிழ்க்காரர் தெருச் சண்டை' என்று ஒதுக்கிவிட யாருக்கும் வாய்ப்புக் கொடுக்கக்கூடாது. மெஷினில் பணம் விட்ட வீடு எல்லா மொழிக்காரருக்கும் இருக்கிறது.

2. முதலில் பார்க்க வேண்டியது மெஷினை அல்ல, பணம் திரும்பி வரும் வழியை

புதிதாக வருபவர்கள் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு வந்து 'அது சூதாட்டம்தான், பழம் சுற்றுகிறது, சீட்டு வருகிறது' என்பார்கள். கடைக்காரர் 'அது படம்தான், விளையாட்டுத்தான்' என்பார். அங்கேயே பேச்சு முட்டி நிற்கும். கார் பந்தய கேமும் காசு போட்டுத்தான் ஆடுகிறார்கள். அதில் ஜெயித்தால் இன்னொரு ஆட்டம் கிடைக்கும், அதோடு சரி. நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: ஸ்கிரீனில் ஏறும் பாயின்ட் எங்கேயாவது ரூபாயாக மாறுகிறதா?

பெரும்பாலும் கடைக்குள் மாறாது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா துணி துவைக்க எடுத்தபோது, வீட்டுக்காரர் சட்டைப் பையில் கிழித்த சிகரெட் அட்டைத் துண்டுகள் இருந்தன. வெள்ளைப் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு எண், கீழே ஒரு கிறுக்கல். அவர் அதைக் குப்பையில் போடாமல் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். கவுன்டரில் இருப்பவர் ஸ்கிரீனைப் பார்த்துப் பாயின்டை அழித்துவிட்டு அட்டைத் துண்டில் எழுதிக் கொடுக்கிறார்; இரண்டு கடை தள்ளி ஜூஸ் கடையில் அதை நீட்டினால் பணம் வருகிறது. இது புரிய எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரம் வீணில்லை. பிற்பாடு எழுதிய ஒவ்வொரு வரியும் அந்த அட்டைத் துண்டைச் சுற்றித்தான் நின்றது.

நோட்டில் எழுத வேண்டியவை: எத்தனை மெஷின், எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுகிறார்கள், சீருடையில் பிள்ளைகள் உள்ளே போகிறார்களா, அருகில் உள்ள பள்ளி எத்தனை அடி தூரம். மெஷினுக்கு இன்டர்நெட் கேபிள் போகிறதா என்றும் பாருங்கள். 2025 ஆகஸ்டில் ஜனாதிபதி ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் ஆட்டத்தைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல் தடை செய்கிறது. நெட்டோடு இணைந்த மெஷின் என்றால் 'இது ஸ்கில் கேம்' என்ற பதில் அங்கே நிற்காது.

செய்யக்கூடாதது: உள்ளே போய் வீடியோ எடுப்பது, நீங்களே பணம் கட்டி 'டெஸ்ட்' செய்வது, ஆடுபவர்களின் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது. ஆடுபவர்கள் நம் தெருவின் அண்ணன் தம்பிகள். அவர்களை அவமானப்படுத்தினால், நாளை சாட்சி சொல்ல வேண்டிய அவர்கள் வீட்டுப் பெண்களே வாயை மூடிக்கொள்வார்கள். கடை உரிமையாளர் பெயரைப் போட்டு 'சூதாடி' என்று எழுதினால் அவதூறு வழக்கு உங்கள்மேல் திரும்பும்.

3. கதவு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பலர் நேரே கார்ப்பரேஷனுக்குப் போகிறார்கள். கடை என்றால் கார்ப்பரேஷன்தானே என்ற எண்ணம். இந்த விஷயத்தில் முதல் கதவு அதுவல்ல.

பெங்களூர் நகரில் பொதுக் கேளிக்கை இடங்களுக்கு லைசென்ஸ் கொடுப்பவர் போலீஸ் கமிஷனர். கர்நாடக போலீஸ் சட்டம் 1963-இன் கீழ் 1989-இல் பெங்களூருக்கென்று போட்ட லைசென்ஸ் ஆணைதான் இதற்கு அடிப்படை. வீடியோ கேம் கடைகளுக்கு இந்த ஆணை பொருந்துமா என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட்வரை போனது. 1995-இல் எம்.ஜே. சிவானி வழக்கில், பொருந்தும், லைசென்ஸ் வேண்டும், கட்டுப்படுத்துவது நியாயமான வரம்புதான் என்று தீர்ப்பு வந்தது. மெஷினின் உள்ளே மாற்றம் செய்து முடிவையே மாற்றிவிட முடியும் என்பதை அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது.

அதே தீர்ப்பில் நமக்குப் பயன்படும் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஒருவர் உரிமையைப் பாதிக்கும் ஆணை போடும் அதிகாரி, அதற்குப் பொருத்தமான காரணங்களைப் பதிவு செய்ய வேண்டும். லைசென்ஸ் மறுக்க நினைக்கும் நல்ல அதிகாரிக்கும் எழுதுவதற்குக் காரணம் தேவை. 'மக்கள் எதிர்க்கிறார்கள்' என்று மட்டும் எழுதி மறுத்தால் கடைக்காரர் ஹைகோர்ட்டில் போய் உடைத்துவிடுவார். அவர் எழுதக்கூடிய காரணங்களை நாம்தான் கொடுக்க வேண்டும்.

கடை 'மெம்பர்களுக்கு மட்டும்' என்று கிளப் போர்டு மாட்டியிருந்தால் கொஞ்சம் கூடுதல் வேலை. 'இது பொது இடமே அல்ல, லைசென்ஸே வேண்டாம்' என்று வாதிடுவார்கள். வெளியாள் ஒருவர் வாசலில் பணம் கட்டி உடனே உள்ளே போக முடிகிறதா என்பதை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். முடிகிறது என்றால் மெம்பர் என்பது பெயருக்குத்தான்.

4. மனுவுக்கு முன் ஆர்டிஐ

ஆர்டிஐ என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போடும் விண்ணப்பம். வரிசையில் இது முன்னால் வருவதற்குக் காரணம் உண்டு. லைசென்ஸ் இருக்கிறதா, எதற்காக, எந்த முகவரிக்கு, எந்தத் தேதிவரை என்று தெரியாமல் மனு எழுதுவது இருட்டில் கல் எறிவது. ஒரு தெருவில் நான் பார்த்தது: லைசென்ஸ் கேரம் போர்டுக்கும் பில்லியர்ட்ஸுக்கும் வாங்கியிருந்தார்கள், உள்ளே எட்டு மெஷின். அந்த ஒரு தாள் கைக்கு வந்ததும் பாதி வேலை முடிந்தது.

விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். கர்நாடக விதிப்படி ஒரு விண்ணப்பத்தில் ஒரு விஷயம்தான் கேட்கலாம், ஏறக்குறைய 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். இது தெரியாமல் இரண்டு பக்கம் கதை எழுதித் திருப்பி வாங்கியவர்கள் பலர். போலீஸுக்கு ஒன்று, கார்ப்பரேஷனுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள்.

கேட்க வேண்டியது கேள்வியாக அல்ல, ஆவணமாக. 'ஏன் அனுமதித்தீர்கள்?' என்று கேட்டால் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: இந்த முகவரிக்குக் கொடுத்த கேளிக்கை லைசென்ஸின் நகல், அதன் நிபந்தனைகளின் நகல், விண்ணப்பத்தின்மேல் உள்ளூர் காவல் நிலையம் கொடுத்த அறிக்கையின் நகல், புதுப்பித்தலுக்கு விண்ணப்பம் வந்திருந்தால் அதன் தேதி. அந்த 1989 ஆணையின் நகலையும் கேட்டு வாங்கி, நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், பதில் திருப்தி இல்லாவிட்டாலும் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். 'வியாபார ரகசியம்' என்று மறுத்தால் பயப்பட வேண்டாம். அரசு கொடுத்த லைசென்ஸும் அதன் நிபந்தனையும் கடைக்காரரின் ரகசியம் ஆகாது என்று மேல்முறையீட்டில் ஒரே பத்தியில் எழுதுங்கள்.

கடை இன்னும் திறக்கவில்லை, பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் மட்டும் ஆர்டிஐ பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அடுத்த படியின் மனுவை உடனே கொடுங்கள். கொடுக்காத லைசென்ஸைத் தடுப்பது சுலபம். கொடுத்ததை ரத்து செய்யும்போது நோட்டீஸ், விளக்கம், விசாரணை என்று மாதங்கள் ஓடும்.

5. ஆட்சேபணை மனு

கன்னடத்தில் எழுதுங்கள். நாம் வீட்டில் தமிழ் பேசுகிறோம், பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கிறார்கள். அதனால் மனு இங்கிலீஷில் போகிறது. இந்த மாநிலத்தில் ஃபைல் நகர்வது கன்னடத்தில். இங்கிலீஷ் மனுவின் சாரத்தை வேறொருவர் இரண்டு வரியில் கன்னடத்தில் எழுதி மேலே அனுப்புவார். அந்த இரண்டு வரியில் அட்டைத் துண்டு விஷயம் விட்டுப்போகும்.

நீளம் இரண்டு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். முதல் பத்தியில் கடையின் சரியான முகவரி, கதவு எண், வார்டு. இரண்டாவதில் கேட்பது என்ன: லைசென்ஸ் கொடுக்காதீர்கள், அல்லது புதுப்பிக்காதீர்கள், அல்லது நிபந்தனை மீறலுக்காக ரத்து செய்யுங்கள். மூன்றில் எது உங்கள் நிலைமையோ அதை மட்டும் எழுதுங்கள். பிறகு காரணங்கள், எண்ணிட்டு.

காரணம் என்பது என்ன? 'குடும்பங்கள் சீரழிகின்றன' என்பது உண்மைதான், எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அதிகாரி அதை ஆணையில் எழுத முடியாது. 'இந்தத் தேதிகளில், இந்த நேரத்தில், பள்ளிச் சீருடையில் சிறுவர்கள் உள்ளே இருந்தனர். பார்த்தவர்கள் இவர்கள்' என்பதை எழுத முடியும். 'பாயின்டுக்குப் பக்கத்துக் கடையில் பணம் தருகிறார்கள், நகல் இணைப்பு' என்பதை எழுத முடியும். 'லைசென்ஸ் பில்லியர்ட்ஸுக்கு, வைத்திருப்பது மெஷின்' என்றால் அதைவிடப் பலமான வரி கிடையாது.

இனி கையெழுத்து. தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். வெள்ளைத் தாளில் கோடு போட்டு வீடு வீடாகப் போய் முந்நூறு கையெழுத்து வாங்கி வந்தார்கள் ஒரு தெருவில். விசாரணையில் கடைத் தரப்பு, 'தண்ணீர்ப் பிரச்சினைக்கு என்று சொல்லி வாங்கியது இது' என்றது. மறுக்க வழியில்லை, ஏனென்றால் அந்தத் தாள்களில் எதற்காக என்று ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொரு கையெழுத்துத் தாளின் தலையிலும் மனுவின் சாரம் மூன்று வரி, கடை முகவரி, தேதி அச்சாகி இருக்க வேண்டும். கீழே பக்க எண்.

தமிழில் போடும் கையெழுத்து செல்லும். பக்கத்தில் பெயரையும் கதவு எண்ணையும் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ எழுதுங்கள், இல்லையென்றால் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. கைநாட்டு வைக்கும் பாட்டிகளுக்கு மனுவைப் படித்துக் காட்டி, 'படித்துக் காட்டப்பட்டது' என்று எழுதிப் படித்தவர் கையெழுத்துப் போடட்டும். எங்கள் தெரு ஆயா ஒருவர் கைநாட்டு வைத்த பிறகு விரலைச் சேலையில் துடைக்காமல் அப்படியே நீட்டி, 'இன்னொன்று வேண்டுமென்றாலும் சொல்லு கண்ணு' என்றார். அவர் ஒரு தாளில்தான் வைக்கலாம்; ஒரே ஆள் இரண்டு தாளில் இருந்தால் மொத்தப் பட்டியலும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

ஒரு வீட்டுக்கு ஒரு கையெழுத்து போதும். கடையிலிருந்து முதல் நூறு மீட்டருக்குள் இருக்கும் வீடுகளின் முப்பது கையெழுத்து, நாலு தெரு தள்ளி வாங்கிய முந்நூறை விடப் பெரியது.

6. கொடுக்கும் இடம், கொடுக்கும் முறை

அசல், இன்ஃபென்ட்ரி ரோட்டில் உள்ள போலீஸ் கமிஷனர் அலுவலகத் தபால் பிரிவுக்கு. நகல்கள் உங்கள் பகுதி டிசிபிக்கும், ஏசிபிக்கும், காவல் நிலைய இன்ஸ்பெக்டருக்கும். லைசென்ஸ் விண்ணப்பம் வந்தால் அறிக்கை கேட்டு நிலையத்துக்குத்தான் வரும், அதனால் நிலையத்திலும் நம் தாள் இருக்க வேண்டும்.

கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். உங்கள் நகலில் சீல், தேதி, எண் வாங்குங்கள். 'ஸ்வீக்ருதி கொடி' என்று கன்னடத்தில் கேட்டால் போதும். 'வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்' என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்து, அதையே ஸ்பீட் போஸ்டில், டெலிவரி ஆனதற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். வாக்குவாதம் வேண்டாம், சீல் இல்லாத மனு கொடுத்ததாகவே கணக்கில் வராது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

நடவடிக்கை இல்லை என்று முடிவெடுத்தால் எழுத்தில் 'ஹிம்பரஹ' கேளுங்கள், அதாவது மனுவுக்கு அலுவலகம் எழுதித் தரும் பதில். அந்த எழுத்து இருந்தால்தான் மேலே போக வழி.

7. பக்கவாட்டு மனுக்கள்

பெரிய மனு நகரும்போதே சின்னவை சில. கார்ப்பரேஷன் டிரேட் லைசென்ஸ் இருக்கிறதா, எந்தத் தொழிலுக்கு என்று சுகாதாரப் பிரிவில் கேளுங்கள். 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து கார்ப்பரேஷனாகப் பிரிந்துவிட்டது, உங்கள் வார்டு எதில் வருகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். குடியிருப்புப் பகுதியில் கடைக்கு இடம் உண்டா என்பது சாலையின் அகலத்தையும் பொறுத்தது. ஒரு டேப் எடுத்து இருவர் நின்று அளந்து எழுதுங்கள்.

கடை வாசலில் சிகரெட் விற்றால், பள்ளியிலிருந்து 100 மீட்டருக்குள் புகையிலை விற்கத் தடை இருக்கிறது, அது தனிப் புகார். வீட்டு மீட்டரில் கடை ஓடினால் மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவு, மின் வினியோகக் கம்பெனியான பெஸ்காமுக்கு ஒரு கடிதம். சின்னப் பிள்ளைகள் உள்ளே இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

இவற்றை மட்டும் நம்பி நிற்காதீர்கள். அபராதம் கட்டிவிட்டு அடுத்த நாளே திறந்துவிடுவார்கள்.

8. காவல் நிலையப் புகார் தனி

லைசென்ஸ் ஆட்சேபணையும் குற்றப் புகாரும் வேறு வேறு. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் குழப்புபவர்கள் அதிகம். பணம் கைமாறுவதற்கு நேரில் பார்த்த சாட்சி இருந்தால் மட்டும், போலீஸ் சட்டத்தின் 79, 80-ஆம் பிரிவுகளைக் குறிப்பிட்டுத் தனிப் புகார் கொடுங்கள். 79 சூதாட்ட இடம் நடத்துபவருக்கு, 80 அங்கே ஆடுபவருக்கு. முழுக்கத் திறமை சார்ந்த ஆட்டத்துக்கு 176-ஆம் பிரிவு விலக்குக் கொடுக்கிறது, கடைத் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆகவே புகாரில் 'ஆடுபவர் பட்டனை அழுத்துவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை, எது வரும் என்பதை மெஷினே முடிவு செய்கிறது' என்று ஆட்டம் நடக்கும் விதத்தை நாலு வரி விவரியுங்கள்.

80-ஆம் பிரிவில் பிடிபடுவது நம் தெரு ஆட்களும்தான் என்பதை யோசித்துவிட்டுச் செய்யுங்கள். நாங்கள் முதலில் வீடுகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் புகார் கொடுத்தோம். விட முடியாமல் தவிப்பவர்களுக்கு டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது, நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. கூடப் போக ஒரு ஆள் கிடைத்தால் போவார்கள்.

9. பதிலே வராவிட்டால்

இரண்டு மாதம் அசைவில்லை என்றால், பொதுத் தொல்லை என்று பிஎன்எஸ்எஸ் (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 152-ஆம் பிரிவில் எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். இரைச்சல், வாசலில் கூட்டம், பெண்கள் நடக்க முடியாத நிலை இவற்றுக்கு இது பொருந்தும்.

அதற்கு மேல் ஹைகோர்ட் ரிட். மனுவை முடிவு செய்யாமல் வைத்திருக்கிறார்கள், இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்பது நல்லது. கோரிக்கை சின்னதாக இருந்தால் வழக்கும் சீக்கிரம் முடியும். சீல் போட்ட நகல்கள், ஆர்டிஐ பதில், ஹிம்பரஹ மூன்றும் இருந்தால் வக்கீலுக்கு வேலை பாதி. பெண்கள், எஸ்சி எஸ்டி பிரிவினர் முதல் மனுதாரராக இருந்தால் சட்டப் பணிகள் ஆணையத்தில் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கேட்கலாம். 1-ஆம் படியில் பெண் ஒருவர் வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

10. மூடிய பிறகு

ஷட்டர் இறங்கியதும் தெரு கலைந்துவிடும். ஆறு மாதத்தில் வேறு பெயரில், வேறு ஆளின் பெயரில், அதே கதவு எண்ணில் விண்ணப்பம் வரும். இதை இரண்டு தெருவில் பார்த்தேன்.

அதனால் ஆட்சேபணையைக் கடையின் பெயருக்கு மட்டுமல்லாமல் அந்த முகவரிக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்: 'இந்தக் கட்டடத்துக்கு இனி வரும் எந்தக் கேளிக்கை லைசென்ஸ் விண்ணப்பத்தின் மீதும் எங்களைக் கேட்ட பின்பே முடிவெடுக்க வேண்டுகிறோம்.' கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதனால் வந்துவிடாது. ஆனால் கேட்காமல் கொடுத்தால் கோர்ட்டில் காட்ட ஒரு தாள் இருக்கும். கட்டட உரிமையாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். வாடகைக்கு விடுபவருக்குத் தன் கதவு எண் ஒரு ஃபைலில் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த ஆளிடம் இரண்டு கேள்வி கேட்பார்.

டிரேட் லைசென்ஸ் புதுப்பிப்பு நிதியாண்டுக் கணக்கு. பிப்ரவரி முதல் வாரத்தில் இரண்டு ஆர்டிஐயும் மறுபடி போடுங்கள், மொத்தச் செலவு 20 ரூபாய். எங்கள் தெருவில் அந்த நோட்டும் சீல் போட்ட நகல்களும் அட்டைத் துண்டுகளும் ஒரு பிஸ்கட் டப்பாவில், பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கின்றன. காலண்டரில் பிப்ரவரி பக்கத்தில் அவரே சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.